இலக்கணம் வகுத்த கதைஞர்: கிரெக் ஸ்டாஃபோர்டின் விளையாட்டுப் பணி



இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்பது தமிழறிந்தார் அனைவரும் ஒப்பும் கொள்கை. பாடல்கள் பல பிறந்த பின்னரே அவற்றின் இயல்பை ஆராய்ந்து விதி சொல்லும் நூல் பிறக்கிறது. இம்முறையைத் தலைகீழாக்கி, இன்னும் பிறவாத கதைகளுக்கு முதலில் இலக்கணம் எழுதி, அக்கதைகளைப் பிறர் வாயிலிருந்து பிறக்கச் செய்த ஒருவரின் வாழ்க்கைப் பணியே இவ்வுரையின் பொருள். அவர் அமெரிக்க நாட்டவர். பெயர் கிரெக் ஸ்டாஃபோர்ட். தொழில் விளையாட்டுகளை வகுத்தல்.

விளையாட்டு வகுப்பவரைப் பற்றிய பேச்சு கவிஞர் அவைக்கு எதற்கு என்ற வினா எழுவது இயல்பே. ஆகவே அவ்விளையாட்டு எத்தகையது என்பதை முதலில் கூறுதல் வேண்டும். நால்வர் அல்லது ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். அவர்களுள் ஒருவர் கதையை நடத்துபவர். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்கின்றனர். ஒருவர் வீரர், ஒருவர் வணிகர், ஒருவர் பூசாரி எனக் கொள்ளலாம். கதையை நடத்துபவர் சூழலை விரித்துரைப்பார்: ஆறு பெருக்கெடுத்து ஓடுகிறது, அக்கரையில் பகைவர் பாசறை தெரிகிறது, இரவு நெருங்குகிறது. என்ன செய்வது என்பதை மற்றவர் தத்தம் பாத்திரத்தின் நிலையில் நின்று சொல்வர். நீந்திக் கடக்க முயன்றவர் கரையேறினாரா, மூழ்கினாரா என்ற ஐயம் எழும்போது பகடை உருளும். பகடையின் எண்ணுக்கு என்ன பொருள் என்பதை விதிநூல் கூறும். மேடையில்லை, எழுதி வைத்த உரையாடல் இல்லை, பார்வையாளரும் இல்லை. கூடியிருப்போரே கதைசொல்லிகள், அவர்களே கேட்போர்.

இவ்வகை விளையாட்டு அச்சேறி வெளிவந்தது 1974ஆம் ஆண்டில். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் வகுத்த ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்பதே அது. விஸ்கான்சின் மாநிலத்து ஜெனீவா ஏரி என்னும் சிற்றூரிலிருந்து வெளிவந்த அதன் முதற்பதிப்பு 1,000 படிகளே. பொம்மைப் படைகளைப் பரப்பி ஆடும் போர் விளையாட்டிலிருந்து கிளைத்ததாகையால், போரும் புதையலும் அரக்கருமே அதன் உயிர்நிலையாக இருந்தன. பாத்திரம் யாரை வணங்கியது, எதற்கு அஞ்சியது, எவரை நேசித்தது என்பவை அதில் பெரிதும் கேட்கப்படாத வினாக்கள். அவ்வினாக்களை விளையாட்டின் நடுவிடத்துக்குக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர் ஸ்டாஃபோர்ட்.

அவர் 1948ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையிலேயே உலகத்துப் பழங்குடிகளின் புராணக்கதைகளைத் தேடித்தேடிப் படித்தார். படித்தவை தீர்ந்த நிலையில் தாமே புராணம் புனையத் தலைப்பட்டார். 1966இல் பெலாய்ட் கல்லூரியில் மாணவராக இருந்தபோது ஒரு கற்பனை உலகைப் பற்றிய கதைகளை எழுதத் தொடங்கினார். அவ்வுலகே பின்னாளில் ‘குளோராந்தா’ எனப் பெயர் பெற்றது. முதல் பாத்திர விளையாட்டு அச்சேறுவதற்கு எட்டு ஆண்டுகள் முன்னரே இவ்வுலகம் கருக்கொண்டுவிட்டது என்பது கருதத்தக்கது. விளையாட்டுக்காக உண்டாக்கிய உலகமன்று அது. உலகம் முதலில் தோன்றி, தன்னை வெளிப்படுத்த ஒரு வடிவத்தைத் தேடி அலைந்தது.

அவ்வலைச்சல் எளிதாக இல்லை. அனுப்பிய கதை ஏற்கப்படாமல் திரும்பியது. கதையாகச் செல்லாததைப் பலகை விளையாட்டாக மாற்றினார். அதனை வெளியிடவும் பிறர் முன்வந்து முடித்துத் தரவில்லை. இறுதியில் 1975இல் தாமே ஒரு பதிப்பகம் தொடங்கி, ‘வெண்கரடியும் செந்நிலவும்’ என்று பொருள்படும் பெயரில் அவ்விளையாட்டை வெளியிட்டார். பதிப்பகத்தின் பெயர் கேயாசியம். அவர் வாழ்ந்த இடத்துக்கு அருகிலிருந்த ஓக்லந்து விளையாட்டரங்கின் பெயரான ‘கொலிசியம்’ என்பதையும், ஒழுங்கின்மையைக் குறிக்கும் ‘கேயாஸ்’ என்ற சொல்லையும் பிணைத்து அமைத்த பெயர் அது. கவிதைத் தொகுப்பைத் தாமே அச்சிட்டுத் தாமே சுமந்து விற்ற கவிஞர்கள் நிறைந்த அவைக்கு, இத்தொடக்கத்தின் துன்பத்தையும் துணிவையும் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

குளோராந்தாவின் அடிப்படைக் கதை ஒன்றை இங்கே சுட்டுதல் தகும். வானத்துப் பேரரசன் யெல்ம், அவன் கதிரவன். புயற்கடவுள் ஓர்லாந்த் அவனைக் கொல்கிறான். ஒளி அவிந்து பேரிருள் சூழ்கிறது. கடவுளரும் மாந்தரும் மடிகின்றனர். தான் செய்ததன் விளைவைக் கண்ட ஓர்லாந்த், தோழர் சிலருடன் கீழுலகம் சென்று, தான் கொன்றவனோடு ஒப்புரவாகி அவனை மீட்டு வருகிறான், மீண்டும் விடிகிறது. புயலை வணங்கும் மலைவாழ் குடிகளுக்கு இது கொடுங்கோலனை வீழ்த்திப் பின் உலகையும் காத்த வீரனின் கதை. கதிரவனை வணங்கும் பேரரசின் மக்களுக்கோ இது அரசனைக் கொன்ற கலகக்காரன் ஒருவனின் கதை. இவ்விரண்டனுள் எது மெய்? இரண்டும் மெய் என்பதே ஸ்டாஃபோர்டின் விடை. பொதுநிலையில் நின்று தீர்ப்புரைக்கும் குரல் எதையும் அவர் அவ்வுலகில் வைக்கவில்லை. புயற்குடிகளின் பக்கம் நின்று விளையாட்டுகளைத் தொடங்கிய அவரே, பின்னர் கதிரவப் பேரரசின் நோக்கில் ‘யெல்மின் மாண்புறு மீளெழுச்சி’ என்று பொருள்படும் நூலை யாத்தார். 1992இல் வெளிவந்த ‘சார்ட்டாரின் மன்னன்’ என்ற நூல், ஒன்றோடொன்று முரண்படும் ஆவணங்களின் தொகுப்பாகவே அமைந்தது. ஒரு வீரனின் வரலாற்றை அதில் தேடுவோர் ஒரு வரலாற்றைக் காண்பதில்லை, பலவற்றைக் காண்கின்றனர்.

இவ்வுலகம் பாத்திர விளையாட்டாக உருப்பெற்றது 1978இல். ‘ரூன்குவெஸ்ட்’ என்னும் அவ்விளையாட்டின் விதிகளை அமைப்பதில் ஸ்டீவ் பெரினும் அவருடைய தோழர்களும் தலைநின்றனர், உலகம் ஸ்டாஃபோர்டுடையது. முந்தைய விளையாட்டில் பாத்திரங்கள் வீரர், மாயவித்தைக்காரர் என வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுப் படிப்படியாக உயர்ந்தன. ரூன்குவெஸ்டில் வகுப்புகள் இல்லை. எத்திறனைப் பயன்படுத்துகிறாரோ அத்திறனில் பாத்திரம் தேறும். திறன்கள் நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கில் அளக்கப்பட்டன. 1979இல் பெரினும் ஸ்டாஃபோர்டும் எழுதி வெளியிட்ட ‘பிராக்ஸின் வழிபாட்டு நெறிகள்’ என்று பொருள்படும் நூல் இதனினும் ஆழமானதோர் மாற்றத்தைச் செய்தது. அதில் ஒவ்வொரு தெய்வத்துக்கும் புராணம் உண்டு, அடியார் கூட்டம் உண்டு, நோன்பு உண்டு, நட்பும் பகையும் உண்டு. வழிபாடு என்பது ஆற்றல் பெறும் கருவி என்ற நிலை மாறி, பாத்திரம் எவ்வாறு வாழ வேண்டும் என்பதை வரையறுக்கும் கடப்பாடாயிற்று. நெடுகிலும் ஒரு வணிகனின் பயணக் குறிப்புகள் இடம்பெற்றிருப்பதால், விதிநூலென எடுத்தவர் அதனைக் கதைநூலாகவும் படித்தனர்.

கேயாசியம் ஸ்டாஃபோர்டின் படைப்புகளுக்கு மட்டும் இடமளித்த நிறுவனமன்று. சாண்டி பீட்டர்சன் வகுத்த ‘கால் ஆஃப் கத்துலு’ 1981இல் அங்கிருந்தே வெளிவந்தது. எச். பி. லவ்கிராஃப்டின் அச்சக்கதைகளை அடியொற்றிய அவ்விளையாட்டில், உண்மையை அறிய அறியப் பாத்திரத்தின் மனநலம் எண்ணளவில் குறைந்து கொண்டே வரும். 1986இல் வேறொரு நிறுவனத்துக்காக பீட்டர்சன், லின் வில்லிஸ், ஸ்டாஃபோர்ட் ஆகிய மூவரும் ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ திரைப்படத்தை விளையாட்டாக்கினர். திறனுக்கேற்ற எண்ணிக்கையில் பகடைகளை அள்ளி உருட்டிக் கூட்டும் முறையை அது முன்வைத்தது. பின்வந்த வகுப்பாளர் பலர் அம்முறையைப் பின்பற்றினர்.

எனினும் ஸ்டாஃபோர்ட் தம் ஆகச்சிறந்த படைப்பெனக் கருதியது 1985இல் வெளிவந்த ‘பென்டிராகன்’ விளையாட்டையே. ஆர்தர் மன்னனின் கதையை தாமஸ் மாலரி என்பார் 15ஆம் நூற்றாண்டில் ஆங்கில உரைநடையில் தொகுத்தெழுதினார். அம்மரபை அடிப்படையாகக் கொண்ட இவ்விளையாட்டில் ஆடுவோர் அனைவரும் குதிரைவீரராகிய நைட்டுகள். இங்கே ஸ்டாஃபோர்ட் செய்த புதுமை, கவிஞர்கள் ஆழ்ந்து எண்ணத்தக்கது.

பாத்திரத்தின் உடல்வலிமையை எண்ணால் அளப்பது ஏனையோரும் செய்ததே. ஸ்டாஃபோர்ட் உள்ளத்தை அளந்தார். இரக்கமும் கொடுமையும், அடக்கமும் செருக்கும், ஈகையும் தன்னலமும், வாய்மையும் வஞ்சமும், மறமும் கோழைமையும் என 13 இணைகளை அமைத்தார். ஒவ்வோர் இணையின் கூட்டுத்தொகையும் 20. இரக்கம் 13 ஆனால் கொடுமை 7. இரக்கம் ஒன்று கூடினால் கொடுமை ஒன்று குறையும். சரணடைந்த பகைவன் முன் நிற்கிறான். அவனை விடுவதா, வெட்டுவதா? பாத்திரத்தை ஏற்றவர் ஒன்றை விரும்பலாம். ஆனால் உள்ளப்பண்பு பெயர்பெறும் அளவுக்கு ஓங்கி நிற்குமானால், கதையை நடத்துபவர் இருபது முகப் பகடையை உருட்டச் சொல்வார். பகடை காட்டும் வழியே பாத்திரம் செல்லும். இவ்வாறு செய்த செயல்களே நாளடைவில் எண்களை மாற்றும். எண்கள் மீண்டும் செயலை ஆளும். வழக்கம் குணமாவதும், குணமே விதியாவதும் பகடையில் புலப்படுகின்றன.

பண்புகளோடு உணர்ச்சிகளும் எண் பெற்றன. அரசனிடத்துப் பற்று, குடும்பத்தினிடத்து அன்பு, ஒருத்தியின்மேல் காதல், ஒருவன்மேல் பகை ஆகியவை வலிய தூண்டுதல்கள். உணர்ச்சி பகடையில் வென்றால் வீரன் தன் இயல்புக்கு மேற்பட்ட திறனுடன் போரிடுவான். கொடிதாகத் தோற்றால் பித்துற்றுக் காடு நோக்கி ஓடவும் கூடும். அரசப்பற்றும் காதலும் ஒன்றோடொன்று மோதும் இடத்தில்தான் லான்சிலட்டின் துயரம் பிறந்தது. மாலரியின் கதையில் வாசகர் அத்துயரத்தை அறிகிறார். பென்டிராகனில் அதன்பால் தம் கையாலேயே ஒவ்வோர் அடியாக நடந்து செல்கிறார். விதிநூல் கதையைச் சொல்வதில்லை. அத்தகைய கதை பிறந்தே தீரும் நிலத்தை உழுது வைக்கிறது.

காலத்தையும் அவர் விளையாட்டுக்குள் கொணர்ந்தார். பொதுவாக ஓராண்டுக்கு ஒரு வீரச்செயல், அதன்பின் குளிர்காலம். அக்குளிர்காலத்தில் நிலவருவாய் கணக்கிடப்படும், மணம் நிகழும், குழந்தை பிறக்கும் அல்லது இறக்கும், மூப்பு வலிமையைக் குறைக்கும். வீரன் இறந்தால் ஆட்டம் முடிவதில்லை. அவன் மகன் தந்தையின் பெயரையும் பகையையும் ஏற்றுக் களம் புகுவான். 2006இல் வெளிவந்த பெருந்தொகுப்பு கி.பி. 485 முதல் 566 வரையிலான கற்பனைக் காலத்தை ஆண்டாண்டாக விரிக்கிறது. ஒரு குழுவினர் அதனை முழுமையாக ஆடி முடிக்கப் பல ஆண்டுகள் வாரந்தோறும் கூட வேண்டும். ஆர்தரின் அரசு அழியும் என்பது அனைவருக்கும் முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் ஆடுகின்றனர். முடிவு தெரிந்த கதையைக் கேட்க விடியவிடியக் கூத்துக்களத்தில் அமர்ந்திருக்கும் தமிழ் மக்களுக்கு அதன் சுவை விளங்காததன்று.

1989இல் வெளிவந்த ‘பிரின்ஸ் வேலியன்ட்’ விளையாட்டில் அவர் விதிகளை மேலும் சுருக்கினார். ஹால் ஃபாஸ்டரின் புகழ்பெற்ற சித்திரக்கதையைத் தழுவிய அதில் பகடையே இல்லை. நாணயங்களைச் சுண்டிப் பூவா தலையா பார்த்தல் போதும். கதைநடத்தும் பொறுப்பு ஒருவரிடமே நிற்காமல் ஏனையோரிடமும் கைமாறலாம் என்றும் அது வழிவகுத்தது. கதைசொல்லலே விளையாட்டின் முதற்பணி என்பதை முகப்பிலேயே கூறிய முன்னோடி முயற்சிகளுள் அது ஒன்று.

படைப்பின் வரலாறு இவ்வாறிருக்க, உடைமையின் வரலாறு வேறாக அமைந்தது. 1984இல் ரூன்குவெஸ்ட் அவலான் ஹில் என்ற பெருநிறுவனத்தின் வழியே மூன்றாம் பதிப்பாக வந்தது. விளையாட்டின் பெயர் அந்நிறுவனத்திடம் சென்றது; குளோராந்தா உலகம் ஸ்டாஃபோர்ட் தரப்பிலேயே நின்றது. பெயர் ஓரிடத்தும் பொருள் ஓரிடத்துமாகப் பிரிந்தன. புதிய பதிப்பு பழங்கால ஐரோப்பாவைத் தன் களமாக முன்னிறுத்தியது. குளோராந்தா நூல்கள் அருகின. அவ்வறட்சிக் காலத்தில் அவ்வுலகை உயிரோடு வைத்திருந்தவர்கள் அதன் அன்பர்களே. இங்கிலாந்திலிருந்து 1989 முதல் வெளிவந்த ‘டேல்ஸ் ஆஃப் தி ரீச்சிங் மூன்’ என்ற சிற்றிதழ் அவர்களுக்குக் களமாயிற்று. பெரிய நிறுவனம் கைவிட்டதைச் சிற்றிதழ் காத்த வரலாறு, தமிழ்க் கவிதையின் வரலாற்றை அறிந்தோர்க்குப் புதிதன்று.

1990களின் பிற்பகுதியில் கேயாசியமே பொருள்நெருக்கடியில் சிக்கியது. 1996இல் வெளியிட்ட ‘மித்தோஸ்’ என்னும் சீட்டு விளையாட்டு தொடக்கத்தில் நன்கு விற்றது. அவ்வெற்றியை நம்பிச் செய்த அடுத்த முயற்சி இழப்பைத் தந்தது. 1998இல் ஸ்டாஃபோர்ட் தாம் தொடங்கிய நிறுவனத்தை விட்டு, குளோராந்தாவை மட்டும் கையிலேந்தி வெளியேறினார். பென்டிராகன் வேறொரு பதிப்பாளரிடம் சேர்ந்தது. வணிகத்துக்கும் பேச்சுக்கும் உரிய தன் உலகத் தெய்வமாகிய இசரீஸின் பெயரால் அவர் சிறு நிறுவனம் ஒன்றை அமைத்தார். 2000இல் ராபின் லாஸ் விதி வகுக்க ‘ஹீரோ வார்ஸ்’ வெளிவந்தது. ரூன்குவெஸ்ட் என்ற பெயர் அப்போது அவர் கையில் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டில் அவருலகை அடியொற்றி வந்த ‘கிங் ஆஃப் டிராகன் பாஸ்’ என்ற கணினி விளையாட்டு, போரைவிடக் குடியின் வாழ்வையும் சடங்கையும் முதன்மையாக்கி நல்லோர் மதிப்பைப் பெற்றது.

இத்துணை இழப்புகளுக்கிடையே ஒரு வினா எஞ்சி நிற்கிறது. பலர் கூடி வாழும் கற்பனை உலகம் ஒன்று யாருக்கு உரியது? ஸ்டாஃபோர்டின் விடை ஒரே நிலையில் நின்றதன்று. ‘உங்கள் குளோராந்தா வேறுபடும்’ என்பது அவ்வன்பர்களிடையே பழமொழி போல் நிலைத்த கருத்து. ஒவ்வொரு மேசையிலும் உலகம் தன் வழியே செல்லலாம் என்பது அதன் பொருள். ஆயினும் அவர் புதிய நூல் வெளியிடும்போதெல்லாம் பழைய செய்திகளை மாற்றினார். பல ஆண்டுகள் அன்பர்கள் கட்டியெழுப்பிய கதை ஒரே பக்கத்தில் பொய்யாகிப்போகும். அந்நிலையைக் குறிக்க அவர் பெயரையே வினைச்சொல்லாக்கி ‘கிரெக் ஆனது’ என்னும் பொருளில் அவர்கள் வேடிக்கையாகவும் வருத்தத்தோடும் வழங்கினர். கொடுத்தவரே திருத்தும் உரிமையையும் வைத்துக்கொண்டிருந்தார். இதனைக் குறையென்று சொல்வது எளிது. ஆனால் உயிருள்ள மரபு ஒன்றில் முதற்கதைசொல்லியும் தன் கதையைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருப்பான். கேட்டவர் சொல்லும் வடிவும் அதனருகே வாழும். எது மூலம் என்ற வழக்கு அச்சுப் பண்பாட்டினது. வாய்மொழிப் பண்பாட்டில் அவ்வழக்குக்கு இடம் குறைவு. அச்சுநூலை வைத்து வாய்மொழி மரபை உண்டாக்க முனைந்தவர் இவ்விரண்டுக்கும் இடையே அலைப்புண்டது தவிர்க்க இயலாதது.

2013இல் குளோராந்தாவின் உரிமையை, அவ்வுலகின் அன்பர்களாயிருந்து பதிப்பாளர்களானோரின் மூன் டிசைன் நிறுவனத்துக்கு அளித்தார். தம் வாழ்நாளிலேயே உலகைக் கைம்மாற்றிய செயல் அது. 2015இல், வாசகரிடம் முன்பணம் பெற்று அறிவித்த நூல்களை உரிய காலத்தில் தர இயலாமல் கேயாசியம் தத்தளித்தபோது, ஸ்டாஃபோர்டும் பீட்டர்சனும் திரும்பி வந்து பொறுப்பேற்றனர். மூன் டிசைன் அன்பர்களும் அதனுள் இணைந்தனர். 2018இல் ரூன்குவெஸ்ட் குளோராந்தாவைக் களமாகக் கொண்டு மீண்டும் கேயாசியத்திலிருந்தே வெளிவந்தது. பிரிந்த பெயரும் பொருளும் அவர் கண்முன்னே கூடின. அவ்வாண்டு அக்டோபர் 10ஆம் நாள், கலிபோர்னியாவின் ஆர்க்கேட்டா நகரில், அமெரிக்கத் தொல்குடிகளின் வழக்கப்படி அமைத்த தம் வேர்வைக் குடிலில் அவர் உயிர் நீத்தார். அகவை 70. பென்டிராகனின் ஆறாம் பதிப்பு அவர் மறைவுக்குப் பின், 2024இல் முழுநூலாக வெளிவந்தது.

ஸ்டாஃபோர்டின் விதிகளால் பிறந்த கதைகளில் பெரும்பாலானவை எங்கும் எழுதப்படவில்லை. ஓர் இரவு சொல்லப்பட்டு, கேட்ட நால்வரின் நினைவில் மட்டும் தங்கி, அவர்களோடு மறைந்தன. நிலைபேறே இலக்கியத்தின் அளவுகோல் என்று கொள்வோர் இதனை இலக்கியம் என ஒப்பமாட்டார். அவர் கூற்றில் நேர்மையுண்டு. மேசையில் பேசப்படும் சொல் செதுக்கப்பட்ட சொல்லன்று. கவிதையின் செறிவை அதனிடம் எதிர்பார்த்தல் பொருந்தாது. ஆயின் கவிதைக்கும் அதற்கும் பொதுவான ஓரிடம் உண்டு. பிறர் உள்ளத்துக்குள் நுழைந்து, அங்கிருந்து உலகைப் பார்த்து, தாம் விரும்பாத ஒன்றையும் அவ்வுள்ளத்தின் நேர்மைக்காகச் செய்ய ஒப்புதலே அவ்விடம். அதனைப் பெரும்புலவர் தனியே செய்கின்றனர். எழுதும் பழக்கமே இல்லாத எளிய மக்கள் ஒன்றுகூடிச் செய்வதற்கு ஸ்டாஃபோர்ட் ஒரு வழியமைத்தார்.

பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடி, ஒருவர் பாட மற்றவர் கேட்டுத் திருத்தும் இலக்கிய வட்டம் ஒன்றுக்கு இதில் எண்ண வேண்டியது உண்டு. வட்டத்தின் நிலைத்த பயன் அது வெளியிட்ட நூல்களா, அச்சேறாமல் காற்றோடு போன பேச்சுகளா? நூல்கள் கணக்கில் அடங்கும், ஆண்டறிக்கையில் ஏறும். பேச்சோ அடுத்த கவிதைக்குள் பெயரின்றிக் கலந்துவிடும். ஸ்டாஃபோர்ட் தம் நூல்களை அப்பேச்சுக்காகவே எழுதினார். பெயர் பறிபோயிற்று, நிறுவனம் கைமாறிற்று, உரிமை பிறரிடம் சென்றது. மேசையைச் சுற்றி அமர்ந்தோரின் பேச்சு மட்டும் நிற்கவில்லை. பறிகொடுத்த அனைத்தும் ஒருநாள் திரும்பி வந்ததற்கும் காரணம் அதுவே.